வீட்டில் எல்லோருடைய மைசார்ட்டும் மனைவி போனிலேயே இருப்பது ஏன்?

கேள்வி, 2024 அக்டோபர் 6

எங்கள் வீட்டில் என்னுடையது, பையனுடையது, அம்மாவுடையது என்று எல்லா ஆஸ்பத்திரி போர்ட்டலையும் (ரிப்போர்ட், மருந்து, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் போனிலேயே பார்க்கிற மைசார்ட் மாதிரியான ஆப்) என் மனைவிதான் பார்க்கிறாள். எனக்கு என் பாஸ்வேர்டே தெரியாது. அமெரிக்காவில் ஆண்களைவிடப் பெண்கள்தான் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று எங்கேயோ படித்தேன். உடம்பு விஷயத்தில் பெண்களுக்கு இயல்பாகவே அக்கறை அதிகம் என்பதுதானே காரணம்? டாலஸ் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 6, இரவு

இயல்பாவது மண்ணாவது சார். உங்கள் மனைவி பார்க்காவிட்டால் உங்கள் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு யார் ரீஃபில் போடுவார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்தது சரிதான். இங்கே மத்திய அரசு எடுக்கிற சர்வேக்களில் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். 2022இல் ஐந்தில் மூன்று பேர் தங்கள் மருத்துவக் குறிப்புகளை ஆன்லைனில் திறந்து பார்த்திருந்தார்கள். ஆனால் அது ஆளைக் கேட்டு எடுத்த கணக்கு. ஆஸ்பத்திரி சர்வரில் விழும் கணக்கு வேறு. என் வீட்டுக்காரர் பேரில் நான் லாகின் செய்து அவருடைய கொலஸ்ட்ராலைப் பார்த்தால், 46 வயது ஆண் ஒருவர் தன் உடம்பை அக்கறையாகக் கவனித்துக்கொண்டதாகத்தான் அங்கே பதிவாகும். அந்த ஆண் அந்த நேரத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னைக் கேட்டால் பெண்களின் பயன்பாடு எந்தக் கணக்கு சொல்வதையும்விட அதிகம். அதில் பெரும்பகுதி அவர்கள் உடம்பைப் பற்றியதே கிடையாது.

2024 அக்டோபர் 7

"நீங்கள் என்ன டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. சென்னையில் மெடிக்கல் கோடிங்கில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் எழுதி வைத்ததைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புகிற வேலை. கல்யாணமாகி எச்-4இல் (கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குத் தரும் விசா) வந்து பல வருஷம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்து (எல்லோருக்கும் தெரிந்த கதை), இப்போது பிளேனோவில் ஒரு கிளினிக்குக்கு பில்லிங் பார்க்கிறேன். பகலில் ஊரார் ரிப்போர்ட், ராத்திரியில் வீட்டார் ரிப்போர்ட்.

ஞாயிறு இரவு சாப்பாடு முடிந்த பிறகுதான் உட்காருவேன். மைசார்ட்டைத் திறந்தால் மேலே வட்டம் வட்டமாக நிற்கும், ஆளுக்கொரு நிறம். நான், மாமியார், பையன். வீட்டுக்காரருக்கு வட்டம் கிடையாது, நேராக அவர் பாஸ்வேர்டுதான். நேற்றைய வேலை: மாமியாருக்கு லிசினோப்ரில் என்கிற பிரஷர் மாத்திரை தீரப் போகிறது, ரீஃபில். கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை என் லீவு நாளுக்கு மாற்றியாயிற்று. பையனுக்கு மெனிஞ்சைடிஸ் ஊசி போட்டதற்கு ஸ்கூல் நர்ஸ் திரும்பவும் ஆதாரம் கேட்கிறார், டவுன்லோட் செய்து அனுப்பினேன். வீட்டுக்காரரின் ஏ1சி (இரண்டு மூன்று மாதத்துச் சராசரி சர்க்கரை அளவு) போன தடவை 5.9, இப்போது 6.1. சொன்னால் "அது நார்மல்தானே" என்பார். 5.7 தாண்டினாலே சர்க்கரைக்கு முந்தைய கட்டம் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நார்மல்தான்.

கடைசியில் என் பக்கம் போனேன். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நாள் தாண்டிவிட்டது என்று ஒரு அறிவிப்பு. எப்போது வந்ததோ.

2024 அக்டோபர் 9

"ப்ராக்ஸி எல்லாம் எதற்கு, பாஸ்வேர்டு தெரிந்தால் போதாதா" என்று கேட்டவருக்கு: போதாது. ப்ராக்ஸி என்பது ஒருவருடைய கணக்கை இன்னொருவர் தன் பேரிலேயே பார்க்க முறைப்படி வாங்கும் அனுமதி. ஃபிரிஸ்கோவில் ஒரு தோழி தன் மாமியாரின் லாகினிலேயே டாக்டருக்கு மெசேஜ் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல ஆங்கிலம், புள்ளி கமா எல்லாம் சரியாக. அடுத்த விசிட்டுக்குப் போனால் டாக்டர் மாமியாரிடம் மடமடவென்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். இன்டர்பிரட்டர் ஏற்பாடு செய்யவில்லை. இவ்வளவு நன்றாக எழுதுகிற அம்மாவுக்கு எதற்கு இன்டர்பிரட்டர்? அந்த அம்மா பாவம், கும்பகோணத்து மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கும் தெரியாது.

ப்ராக்ஸி என்றால் எழுதியவர் மருமகள் என்று டாக்டருக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

2024 அக்டோபர் 9, கொஞ்ச நேரம் கழித்து

எபிக் கம்பெனி பற்றிக் கேட்டீர்கள். மைசார்ட் அவர்களுடையதுதான். விஸ்கான்சினில் வெரோனா என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. 1979இல் ஜூடி ஃபாக்னர் என்ற பெண் ஆரம்பித்தது. மரத்து மேல் வீடு கட்டி அதில் மீட்டிங் போடுகிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கிற தம்பி ஒருவன் சொன்னான். நமக்கு ரீஃபில் பட்டன் வேலை செய்தால் சரி.

2024 நவம்பர் 3

ஒரு வழியாக மேமோகிராம் எடுத்தேன். எடுத்தது அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ராத்திரி போனில் "புதிய டெஸ்ட் முடிவு" என்று வந்தது. திறந்தேன். பை-ராட்ஸ் 0.

பயப்படாதீர்கள், முழுக்கப் படியுங்கள். பை-ராட்ஸ் என்பது ரேடியாலஜிஸ்ட்டுகள் மார்பகப் படத்துக்குப் போடும் எண், 0 முதல் 6 வரை. 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம். 4, 5 என்றால் பயாப்சி. 6 என்பது ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களுக்கு. 0 என்றால் "எடுத்த படம் போதாது, இன்னும் படம் வேண்டும்". வேறு ஒரு அர்த்தமும் கிடையாது. ஸ்க்ரீனிங்குக்குப் போகிற பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவரை இங்கே திரும்பக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருப்பதில்லை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். வருஷக்கணக்கில் இந்த எண்ணைப் பார்த்து கோடிங் செய்தவள் நான்.

இருந்தும் அந்த ராத்திரி தூங்கவில்லை. "இடது மார்பில் சமச்சீரின்மை" என்ற வரியையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன், நடுவில் யாராவது வந்து மாற்றி எழுதியிருப்பார்கள் என்பதுபோல. வீட்டுக்காரரை எழுப்பவில்லை. எழுப்பினால் அவரைத் தேற்றுவது இன்னொரு வேலை.

மெசேஜ் போட்டேன். "அலுவலக நேரத்தில் பதில் வரும்" என்று தானாக ஒன்று வந்தது. திங்கள் காலை போன் செய்தால் அங்கே எடுத்த பெண்மணி, "ஓ, நீங்களே பார்த்துவிட்டீர்களா?" என்றார். நீங்கள்தானம்மா அனுப்பினீர்கள்.

2024 நவம்பர் 4

பலர் கேட்டதால் இது. ஏன் டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நமக்கு வருகிறது?

முன்பெல்லாம் டாக்டர் பார்த்து விடுவித்தால்தான் நமக்குத் தெரியும். அதற்கு நாள் கணக்கு இருந்தது. 2016 டிசம்பரில் க்யூர்ஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. நோயாளியின் தகவலை நோயாளிக்குத் தராமல் தடுத்து வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு பகுதி. அதன் விதி 2021 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில். அன்றிலிருந்து பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ரிப்போர்ட் தயாரான கையோடு போர்ட்டலில் வந்து விழுகிறது. டாக்டர் குறிப்பும் அப்படித்தான். குறிப்பைத் திறந்து காட்டுவது 2010இலேயே பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய இடங்களில் நூற்றுச் சொச்சம் டாக்டர்களோடு பரிசோதனையாகத் தொடங்கியது. அப்போது டாக்டர்களுக்கு பயம், நோயாளிகளுக்கு ஆசை. இப்போதும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

இந்த செப்டம்பர் 10 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. மார்புத் திசு அடர்த்தியா இல்லையா என்பதை மேமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுதித் தர வேண்டும் என்று எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) விதி. எனக்கு "அடர்த்தி" என்று வந்திருந்தது. நாற்பது தாண்டிய பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அப்படித்தான். அடர்த்தியான திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால்தான் தாமதமில்லாமல் அல்ட்ராசவுண்ட்.

2024 நவம்பர் 5

ஒருவர் மடக்கியிருக்கிறார்: "டெக்சாஸில் மூன்று நாள் சட்டம் இருக்கிறதே, உங்களுக்கு எப்படி அன்றைக்கே வந்தது?"

இருக்கிறது. 2023 செப்டம்பர் 1 முதல். புற்றுநோய் தெரியவர நியாயமான வாய்ப்புள்ள பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், மரபணு டெஸ்ட் ஆகியவற்றை முடிவு தயாராகி மூன்றாம் நாளுக்கு முன் ஆன்லைனில் காட்டக் கூடாது என்கிறது. எது "நியாயமான வாய்ப்பு"? எந்தக் கோளாறும் இல்லாமல் வருஷாந்திர மேமோகிராமுக்குப் போகிறவள் அதில் சேர்த்தியா? எனக்கு எடுத்த இடத்தில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு வேடிக்கை, மூன்று நாள் என்றால் மூன்று நாள். வியாழன் தயாரானால் ஞாயிறு வந்து விழும். அன்றைக்கு எந்த டாக்டர் போன் எடுப்பார்?

இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்காது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் உடம்பு, என் ரிப்போர்ட், நீ யார் மூன்று நாள் வைத்துக்கொள்ள. 2023இல் வெளிவந்த ஒரு சர்வேயில் 8,139 பேரைக் கேட்டதில் 96 சதவீதம் பேர், டாக்டர் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை உடனே வேண்டும் என்றார்கள். நான் அந்த 96இல் ஒருத்தி. ஆனால் அதே சர்வேயில், கவலை கூடிப்போனவர்கள், முடிவு நன்றாக வந்தவர்களைவிடச் சரியில்லாமல் வந்தவர்களிடையே அதிகம். வெள்ளி இரவு நான் இரண்டிலும் இருந்தேன். அதனால் இதில் முடிவாக எதுவும் சொல்லவில்லை. வேண்டும் என்கிறவளுக்கு உடனே, வேண்டாம் என்கிறவளுக்கு டாக்டர் கூப்பிட்ட பிறகு என்று டெஸ்ட்டுக்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

2024 நவம்பர் 12

விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நீர்க்கட்டி. ஒன்றுமில்லை. மாமியார் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டாராம். நான் மொட்டையடிக்க வேண்டும் என்பது வேண்டுதலில் இல்லையே என்று உறுதி செய்துகொண்டேன்.

2024 நவம்பர் 23

தனி மெசேஜில் ஒரு பெண் எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கர்ப்பம், நிற்கவில்லை. கணவருக்குத் தெரியாது. இப்போது குழந்தை ஒன்று. இங்கே புதிதாகப் பெண்கள் டாக்டரிடம் போனார், கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். டாக்டரிடம் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது, போர்ட்டலைத் திறந்து கொடுத்ததே கணவர்தான். பாஸ்வேர்டு அவரிடம், நோட்டிபிகேஷன் போவது அவர் ஈமெயிலுக்கு.

கோடிங்கில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். மகப்பேறு குறிப்பு எதுவானாலும் முதல் வரியில் ஜி, பி என்று இரண்டு எழுத்தும் எண்ணும் இருக்கும். ஜி என்றால் மொத்தம் எத்தனை முறை கர்ப்பம். பி என்றால் 20 வாரம் தாண்டிய பிரசவம் எத்தனை. இப்போது வயிற்றில் குழந்தை இல்லாத ஒரு பெண்ணுக்கு ஜி2 பி1 என்றிருந்தால் கணக்கு தெரிந்தவனுக்கு அது போதும். தெரியாதவன் கூகுளில் போட்டால் அரை நிமிடம். பல் வலிக்கு ஈ.ஆர். (எமர்ஜென்சி) போனால்கூட அந்த வரி பின்னாலேயே வரும்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதல் வேலை, பாஸ்வேர்டையும் ஈமெயிலையும் போன் நம்பரையும் தன்னுடையதாக மாற்றுவது. பழைய போனில் ஆப் திறந்தபடியே இருக்கும், அதையும் பாருங்கள். யார் யாருக்கு உங்கள் கணக்கைப் பார்க்க அனுமதி என்று ஆப்பில் ஒரு பட்டியல் உண்டு, அதைத் திறந்து பாருங்கள். இதையெல்லாம் செய்ததே வீட்டில் சண்டைக்குக் காரணமாகும் என்றால் விட்டுவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்: டாக்டரிடம் தனியாக, "இந்தக் குறிப்பு போர்ட்டலில் தெரிய வேண்டாம்" என்று கேளுங்கள். நோயாளியே கேட்டால் மறைத்து வைக்க அந்த க்யூர்ஸ் சட்ட விதியிலேயே இடம் இருக்கிறது. டாக்டருக்கு இது புதுசும் கிடையாது. கணவர் கூடவே உள்ளே வருகிறவர் என்றால் நர்ஸ் எடை பார்க்கக் கூட்டிப்போகும் நேரம் இருக்கிறது, அங்கே சொல்லுங்கள்.

பலர் மறக்கிற இடம் இன்சூரன்ஸ். நம்மில் எத்தனை பேர் கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் இருக்கிறோம்? நீங்கள் எந்த டாக்டரிடம் எந்தத் தேதியில் என்னத்துக்குப் போனீர்கள் என்ற விவரத் தாள் பாலிசிதாரருக்குத்தான் போகும். போர்ட்டலைப் பூட்டிவிட்டு இதைத் திறந்து விட்டால் என்ன பயன். தகவல் வெளியே போனால் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வேறு முகவரிக்கு அனுப்பியாக வேண்டும், ஹிப்பா என்கிற மருத்துவத் தகவல் ரகசியச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. கார்டின் பின்பக்க நம்பருக்கு போன் செய்து அந்தப் படிவத்தைக் கேளுங்கள்.

2024 நவம்பர் 24

"கட்டின கணவனிடம் மறைக்க என்ன இருக்கிறது?"

உங்கள் ஈமெயில் பாஸ்வேர்டை இங்கே போடுங்கள் ப்ரோ. பிறகு பேசலாம்.

2024 நவம்பர் 30

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, பெண்களுக்கு போர்ட்டலே ஆபத்து, காகிதக் காலமே தேவலை என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. காகிதக் காலத்தில் ரிப்போர்ட் கவரை யார் கையில் கொடுத்தார்கள் என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். "வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா" என்றுதான் டாக்டர் சொல்வார்.

முப்பது தாண்டிய வயதில், பிரசவத்துக்குப் பிறகு, தும்மினால் சிறுநீர் கசிகிற பிரச்சினை எனக்கு இருந்தது. விசிட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பதினைந்து நிமிஷ விசிட், அதில் பத்து நிமிஷம் பையன் அழுகை, பக்கத்தில் வீட்டுக்காரர், டாக்டரோ கதவு கைப்பிடியில் கை வைத்தபடி "வேறு ஏதாவது?" என்கிறார். இல்லை என்றுதான் வாய் சொல்லும். ராத்திரி மெசேஜில் நாலு வரி எழுதினேன். இரண்டு நாளில் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபிக்கு ரெஃபரல் வந்தது. அப்படி ஒரு பிசியோதெரபி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எத்தனையோ அம்மாக்கள், அத்தைகள் கடைசிவரை கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். தாம்பத்தியத்தில் வலி, மாதவிடாய் நிற்கும் நேரத்து எரிச்சல், மனச்சோர்வு மாத்திரை, இதையெல்லாம் எழுதுவது சொல்வதைவிடச் சுலபம். ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கும் அப்படித்தான், எழுதி ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாமே.

அதனால்தான் பாஸ்வேர்டு யாரிடம் என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

2024 டிசம்பர் 2

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துவிட்டு, ஹூஸ்டனில் டாக்டராக இருக்கிற தங்கை ஒருத்தி திட்டித் தீர்த்துவிட்டாள். "எழுதச் சொல்கிறீர்களே அக்கா, ராத்திரி பதினொரு மணிக்கு அதற்குப் பதில் எழுதுவது யார்?"

அவள் சொன்னதும் நியாயம்தான். கோவிட் சமயத்தில் ஏறின மெசேஜ் பிறகு இறங்கவே இல்லை. பாஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்தில் எண்ணிப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். பெண் டாக்டர்களுக்கு ஆண் டாக்டர்களைவிட நோயாளி மெசேஜ் ஏறக்குறையக் கால் பங்கு அதிகம். பெண் டாக்டர் என்றால் பொறுமையாகப் பதில் சொல்வார் என்று நாமும் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறோம். அதற்குச் சம்பளமும் தனியாகக் கிடையாது. ஆக என் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வேலையை நான் தூக்கி இன்னொரு பெண்ணின் திங்கட்கிழமை ராத்திரியில் வைக்கிறேன். 2023இல் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பதில் வரைவு எழுதுவதை சான் டியேகோ, ஸ்டான்ஃபோர்டு பக்கம் ஆரம்பித்தார்கள். தங்கையைக் கேட்டால், "வரைவைத் திருத்துகிற நேரத்தில் நானே எழுதிவிடுவேன்" என்கிறாள்.

மெசேஜுக்குக் காசு வாங்குவது பற்றி: ஆமாம், வாங்கலாம். டாக்டர் ஏழு நாளுக்குள் உங்கள் கேள்விக்குச் செலவிட்ட நேரத்தைக் கூட்டி, ஐந்து நிமிடம் தாண்டினால் பில் போட அதற்கென்று ஒரு எண் (கோடு) இருக்கிறது. கிளீவ்லாண்ட் கிளினிக் 2022 நவம்பரில் இதை ஆரம்பித்தபோது பெரிய சத்தம் எழுந்தது. ரீஃபில், அப்பாயின்ட்மென்ட், சின்ன சந்தேகம் இதற்கெல்லாம் பொதுவாகக் கிடையாது. புதுப் பிரச்சினை, மருந்து மாற்றம் என்றால் வரலாம். அனுப்புவதற்கு முன் திரையில் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். பில்லிங்கில் இருப்பவள் சொல்கிறேன், வந்த பில்லைப் பேசாமல் கட்டாதீர்கள், எந்தக் கோடு, எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

2024 டிசம்பர் 15

சான் ஹோசே தோழிக்கு: பெண்ணுக்கு 12 வயதானதும் உங்கள் திரையில் பாதி விஷயம் காணாமல் போனது கோளாறு இல்லை. கலிபோர்னியாவில் 12 வயது முதல் சில சிகிச்சைகளுக்குப் பிள்ளையே சம்மதம் தரலாம். அதனால் அந்த வயதில் பெற்றோர் பார்வையைக் குறைத்துவிடுகிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஊசி, ஒவ்வாமை மாதிரியானவை பெரும்பாலும் தெரியும்.

"நான் பெற்ற பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியக் கூடாதா" என்ற கோபம் எனக்குப் புரிகிறது. போன மாதம் கணவனிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதிலை இப்போது எனக்கே சொல்லிப் பார்த்தேன். என் பையனுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, அதற்குள் எனக்குப் பக்குவம் வந்துவிடும் என்று நம்புவோம்.

2025 ஜனவரி 4

பொங்கலுக்கு முன்னால் ஊர் போய்விட்டு வந்தேன், அதனால் அமைதி. ஊரில் தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து 12 இலக்க ஆர்சிஎச் எண் வாங்க வேண்டும், பிக்மி என்று சொல்வார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணத்துக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். கிராம செவிலியர் வீட்டுக்கே வந்து பதிந்து போனார். நல்ல ஏற்பாடு. "போன் நம்பர் சொல்லும்மா" என்றதும் தங்கச்சி யோசிக்காமல் மாப்பிள்ளை நம்பரைச் சொன்னாள். அவளிடம் சொந்தமாக போன் இருக்கிறது, பெரிய போன். ஏன்டி என்றால், "எல்லாத்துக்கும் அவர் நம்பர்தானேக்கா" என்கிறாள். ஸ்கேன் தேதி மெசேஜ் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற மாப்பிள்ளை போனில் விழுகிறது. அவர் ராத்திரி வந்து சொன்னால் உண்டு.

அமெரிக்காவில் மனைவி கணவன் பேரில் லாகின் செய்கிறாள், ஊரில் கணவன் போனில் மனைவியின் கர்ப்பம். செவிலியரைத் திரும்பக் கூப்பிட்டு நம்பரை மாற்றிவிட்டுத்தான் ஃபிளைட் ஏறினேன்.

2025 ஜனவரி 19

கேள்வி கேட்ட சார் திரும்ப வந்திருக்கிறார். பாஸ்வேர்டை மீட்டுவிட்டாராம், உள்ளே போய்ப் பார்த்தால் 2021 முதல் படிக்காத மெசேஜ் கிடக்கிறதாம். இல்லை சார், படிக்காததாகக் கிடப்பவை முக்கியமில்லாதவை. முக்கியமானதையெல்லாம் உங்கள் மனைவி படித்தாயிற்று.

உங்கள் அம்மாவுக்கு முறைப்படி ப்ராக்ஸி வாங்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் போர்ட்டலுக்குள்ளிருந்தே அழைப்பு அனுப்பலாம், ஆஸ்பத்திரி அனுமதித்தால். இல்லையென்றால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஒரு படிவம். அம்மா சுயநினைவோடு முடிவெடுக்கிறவர் என்பதால் அவர் கையெழுத்து கண்டிப்பாக வேண்டும், உங்கள் கையெழுத்து மட்டும் செல்லாது. தமிழில் போட்டாலும் கையெழுத்துதான். எல்லாவற்றையும் பார்க்கவா, அப்பாயின்ட்மென்ட் மட்டுமா என்று சில இடங்களில் தேர்ந்தெடுக்கலாம். அதை அம்மாவைக் கேட்டு நிரப்புங்கள். மகனிடம் சொல்லாமல் மருமகளிடம் மட்டும் சொல்லியிருக்கிற விஷயம் ஏதாவது இருக்கலாம்.

மனைவி பேரில் இன்னொரு படிவம் வேண்டாமா என்று கேட்காதீர்கள். உங்கள் பேரில் போடுங்கள். ரீஃபில் தேதி நினைவூட்டல் இனி உங்கள் போனுக்கு வரட்டும். அம்மாவுக்குத் தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும் என்பதையும் படிவம் கொடுக்கிற அன்றைக்கே கவுண்டரில் சொல்லிப் பதியச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரி அதற்குக் காசு கேட்கக் கூடாது.